டேலி ஆகல சார்: நிதிக் கணக்கியலில் சிக்கியவர்களுக்கு, அறிகுறி பார்த்து வழி

காரைக்குடியில் பி.காம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று சுற்றுப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாயில் வருவது ஒரே வாக்கியம்தான். "டேலி ஆகல சார்."

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அடித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருப்பார்கள். இரண்டாம் தடவை அதே தப்போடு கூடப் புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கும். அதனால் கீழே உள்ள எதைப் படிப்பதற்கு முன்பும் ஒரு வேலை: வராத விடையை அழிக்காதீர்கள். வந்த தொகை, வர வேண்டிய தொகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றையும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்த வித்தியாசமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

"எது டெபிட், எது கிரெடிட்னு ஒவ்வொரு தடவையும் கொழம்புது"

முதலாமாண்டிலேயே தீர்ந்திருக்க வேண்டியது. தீர்வதில்லை. மேலே கட்டுகிற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் ஊரில் இந்தக் குழப்பத்துக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. என் தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. அவர் எழுதிய சிட்டையில் "முருகன் வரவு 500" என்று இருக்கும். முருகன் 500 ரூபாய் கொடுத்தான், பெட்டிக்கு வந்தது என்று பொருள். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஏன், வீட்டுச் செலவு நோட்டை மட்டும் பார்த்த பிள்ளைக்கும், வரவு என்றால் பணம் வந்தது, பற்று என்றால் பணம் போனது. கல்லூரிக்குப் போனால் டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு என்று பெயர். பேராசிரியர் "ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று செய்" என்கிறார். தலைகீழாகத் தெரிகிறது. பிள்ளை அன்றோடு புரிந்துகொள்வதை விட்டுவிட்டு மனப்பாடத்துக்குப் போய்விடுகிறான்.

உண்மையில் இரண்டும் ஒன்றுதான். தாத்தாவின் சிட்டையில் எழுதியிருந்தது முருகனின் பெயர். ரொக்கத்தின் பெயர் அங்கே இல்லவே இல்லை, அது சொல்லாமலே புரியும் என்று விட்டிருந்தார்கள். முருகன் கொடுத்தான், ஆகவே முருகன் கணக்கில் வரவு. இன்றைய முறையிலும் முருகன் கணக்கில் வரவுதான். கூடவே ரொக்கத்துக்கும் ஒரு கணக்கு வைத்து அதில் பற்று எழுதுகிறோம், அவ்வளவே. ஆகவே தடுமாறும்போது கேட்க வேண்டிய கேள்வி "பணம் வந்ததா போனதா" என்பதில்லை. "நான் இப்போது யார் கணக்கில் எழுதுகிறேன்?"

பாஸ்புக்கும் இதே கதைதான். நீங்கள் வங்கியில் 2,000 கட்டினால் பாஸ்புக்கில் வரவு என்று வரும், உங்கள் ரொக்க ஏட்டில் வங்கிக் கட்டத்தில் பற்று என்று எழுதுவீர்கள். பாஸ்புக் என்பது வங்கியின் பேரேட்டில் (லெட்ஜரில்) உங்கள் பெயர் போட்ட பக்கத்தின் நகல். அவர்கள் பார்வையில் நீங்கள் கொடுத்தவர்.

பள்ளியில் படித்த மூன்று விதிகள் (பெறுபவரைப் பற்று, தருபவரை வரவு என்று தொடங்குவது) கடைக்கணக்கு வரை கைகொடுக்கும். ஐயக்கடன் ஒதுக்கு (வருமா என்று சந்தேகமான கடனுக்காக ஒதுக்கி வைப்பது), முன்கூட்டிப் பெற்ற வருமானம், காப்பு நிதி என்று வரும்போது யார் பெற்றார், யார் தந்தார் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அங்கே இதற்கு மாறிவிடுங்கள்: சொத்தும் செலவும் கூடினால் பற்று, பொறுப்பும் (தர வேண்டிய கடன்) முதலும் (உரிமையாளர் போட்ட பணம்) வருமானமும் கூடினால் வரவு, குறைந்தால் எதிர்ப்பக்கம். ஒரு வாரம் எல்லாப் பதிவுக்கும் பக்கத்தில் "சொத்து கூடியது", "பொறுப்பு குறைந்தது" என்று எழுதிப் பழகுங்கள். எட்டாம் நாள் எழுதத் தேவைப்படாது.

"டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துவரல"

ஓரத்தில் எழுதிய வித்தியாசத்தை இப்போது எடுங்கள். முதலில் இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டுங்கள். மேலிருந்து கூட்டினால் கண் பழைய தடத்திலேயே போகும், அதே தப்பை மறுபடி செய்யும். அப்படியும் அதே வித்தியாசம் வந்தால், அந்த எண் என்ன மாதிரியானது என்று பாருங்கள்.

வட்ட எண்ணாக, 10, 100, 1,000 என்று வந்தால் அநேகமாகக் கூட்டல் தப்பு, அல்லது மேலே எடுத்துச் செல்ல மறந்த 1.

அந்த எண் அப்படியே கேள்வியில் எங்காவது இருந்தால் அந்த இருப்பை எடுத்து எழுதவே மறந்திருக்கிறீர்கள். அதிகம் தொலைவது ரொக்க இருப்பும் வங்கி இருப்பும்தான், அவை பேரேட்டில் இல்லாமல் ரொக்க ஏட்டிலேயே உட்கார்ந்திருப்பதால்.

வித்தியாசம் இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள். 4,700 வித்தியாசம், பாதி 2,350. கேள்வியில் பெற்ற வாடகை 2,350 என்று இருக்கிறதா? அதைப் பற்றுப் பக்கம் எழுதியிருப்பீர்கள். தப்பான பக்கம் போன தொகை எப்போதும் இரண்டு மடங்காகத்தான் வெளியே தெரியும்.

9ஆல் வகுபடுகிறதா? இது எனக்குப் பிடித்தது. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் கணக்கு என்று வையுங்கள். டைல்ஸ் வார்க்கிற கண்ணாடிப் பலகை வாங்கிய செலவு 4,860. பேரேட்டில் 4,680 என்று எழுதிவிட்டீர்கள். வித்தியாசம் 180. 9ஆல் வகுத்தால் 20. பத்தாம் இடத்திலும் நூறாம் இடத்திலும் உள்ள இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன, அந்த இலக்கங்களுக்கு இடையே வேறுபாடு 2 என்று அர்த்தம். இப்போது எல்லா எண்ணையும் பார்க்க வேண்டாம். நூறும் பத்தும் இடத்தில் 2 வித்தியாசமுள்ள இலக்கங்கள் எங்கே என்று மட்டும் தேடினால் போதும். சுழியம் விட்டுப்போனாலும் 9 வரும். 5,400ஐ 540 என்று எழுதினால் வித்தியாசம் 4,860. 9ஆல் வகுத்தால் 540, நீங்கள் எழுதிய தப்பான எண்ணே கையில் கிடைக்கிறது.

இந்த எதிலும் அகப்படவில்லை என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட தப்பு இருக்கிறது. அப்போது குறுக்குவழி கிடையாது, ஒவ்வொரு பதிவையும் டிக் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். தேர்வு அறையில் என்றால் அதைச் செய்யாதீர்கள். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கு என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

"அனாமத்துக் கணக்கு மூட மாட்டேங்குது"

கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளை "அனாமத்தா கெடக்கு" என்போம். கணக்கிலும் அதே. எந்தக் கணக்குக்குச் சொந்தம் என்று தெரியாத தொகைக்குத் தற்காலிக வீடு. சொந்தக்காரன் வந்ததும் காலி செய்ய வேண்டும்.

மூடவில்லை என்றால் 10க்கு 8 தடவை காரணம் ஒன்றுதான். அனாமத்துக்குச் சம்பந்தமில்லாத பிழையையும் அனாமத்துக்குள் இழுத்திருப்பீர்கள். ஒரு பிழை ஒரே கணக்கை மட்டும் பாதித்தால்தான் இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்) கெடும், அதற்குத்தான் அனாமத்து. இரண்டு கணக்கைப் பாதித்த பிழைக்கு அந்த இரண்டு கணக்குமே போதும்.

ஒரு கணக்கு. கொள்முதல் ஏட்டின் கூட்டுத்தொகை 1,000 குறைவாகப் போடப்பட்டது. முருகனுக்கு 720க்குக் கடனில் விற்றது, அவர் கணக்கில் வரவுப் பக்கம் 270 என்று எழுதப்பட்டது. 15,000க்கு வாங்கிய இயந்திரம் கொள்முதல் ஏட்டில் எழுதப்பட்டது.

முதலாவது: கொள்முதல் பற்று 1,000, அனாமத்து வரவு 1,000. இரண்டாவதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். 450 என்று ஒருவன், 270 என்று ஒருவன். முருகன் கணக்கில் பற்று 720 வர வேண்டியது. வந்திருப்பதோ வரவு 270. முதலில் அந்த 270ஐ ஒழிக்க வேண்டும், பிறகு 720 எழுத வேண்டும். ஆக முருகன் பற்று 990, அனாமத்து வரவு 990. மூன்றாவதில் இயந்திரம் பற்று 15,000, கொள்முதல் வரவு 15,000. அனாமத்து கிட்டவே வரக்கூடாது. அனாமத்தில் மொத்தம் 1,990 வரவு ஆகிறது. தொடக்கத்தில் இருப்பாய்வின் பற்றுப் பக்கம் குறைந்திருந்த தொகையும் அதே 1,990. மூடிவிட்டது.

இயந்திரக் கணக்கைத் திருத்திய பிறகு அதன் தேய்மானத்தையும் திருத்த வேண்டுமா என்று கேள்வியை மறுபடி படியுங்கள். அங்கே ஒரு மதிப்பெண் தூங்கிக்கொண்டிருக்கும்.

"டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போச்சு, பேலன்ஸ் ஷீட் ஒத்துப்போகல"

இருப்பாய்வு ஒத்துப்போனால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை டேலி மென்பொருளில் பழகியவர்களுக்கு இன்னும் அதிகம். டேலியில் வவுச்சர் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் உள்ளே போகும். தேநீர்ச் செலவைக் கட்டடக் கணக்கில் போட்டாலும் அது வாயைத் திறக்காது. அதுதான் விதிப்பிழை. பதிவே செய்யாமல் விட்ட முழு விடுபிழையும், ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொள்ளும் ஈடுசெய் பிழையும் இதே மாதிரி சத்தமில்லாமல் இருக்கும்.

ஆனால் வகுப்புக் கணக்கில் இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) இடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சரிக்கட்டுதல்கள் (அட்ஜஸ்ட்மெண்ட்). இருப்பாய்வுக்கு உள்ளே இருப்பது ஒரே ஒரு இடத்துக்குப் போகும். வெளியே "சரிக்கட்டுதல்கள்" என்று கொடுத்திருப்பது இரண்டு இடத்துக்குப் போகும். இந்த விதியை மீறினால் வித்தியாசம் சரியாக அந்தச் சரிக்கட்டுதலின் தொகையாக வரும். ஒரு இடத்தில் கூட்டுவதற்குப் பதில் கழித்திருந்தால் இரண்டு மடங்காக வரும். எனவே வித்தியாசத்தையும் அதன் பாதியையும் சரிக்கட்டுதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

இறுதிச் சரக்கிருப்பு இருப்பாய்வுக்குள்ளேயே இருந்தால் பல பேர் பழக்கதோஷத்தில் வியாபாரக் கணக்கிலும் ஒருமுறை எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருக்கிறது என்றால் கொள்முதலில் ஏற்கெனவே சரிக்கட்டியாகிவிட்டது. நேராக இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கம் போக வேண்டும்.

வாராக்கடனும் ஐயக்கடன் ஒதுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியவை. கடனாளிகள் 50,000. இருப்பாய்வில் வாராக்கடன் 800, பழைய ஒதுக்கு 1,500. சரிக்கட்டுதலில் மேலும் 1,000 வாராக்கடன், கடனாளிகள் மீது 5% ஒதுக்கு. முதலில் புதிய 1,000ஐக் கழியுங்கள், 49,000. அதில் 5% என்றால் 2,450. இலாப நட்டக் கணக்கில் 800, 1,000, 2,450 மூன்றையும் கூட்டிப் பழைய 1,500ஐக் கழித்தால் 2,750. இருப்புநிலைக் குறிப்பில் 50,000இலிருந்து 1,000, 2,450 கழிய 46,550. ஒதுக்கு 2,500 என்று வந்தால் 1,000ஐக் கழிக்காமல் 5% போட்டிருக்கிறீர்கள். கடனாளிகள் 45,750 என்று வந்தால் 800ஐ மறுபடி கழித்திருக்கிறீர்கள்; அது இருப்பாய்வு போடுவதற்கு முன்பே கடனாளிகளிடமிருந்து போய்விட்டது.

"பி.ஆர்.எஸ்ல கூட்டணுமா கழிக்கணுமா?"

வங்கிச் சரிகட்டும் பட்டியலுக்கு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். ரொக்க ஏட்டு இருப்பிலிருந்து, பாஸ்புக் இருப்பிலிருந்து, மேல்வரைப் பற்றிலிருந்து (ஓவர்டிராப்ட்) என்று நாலு அட்டவணை. தேர்வு அன்று நாலும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஒரே கேள்வி போதும். நான் தொடங்கிய புத்தகத்தைவிட, போய்ச் சேர வேண்டிய புத்தகத்தில் இந்தச் சங்கதியால் பணம் அதிகமா குறைவா? ரொக்க ஏட்டில் 18,500. கொடுத்த காசோலை 4,200 இன்னும் வங்கிக்குப் போகவில்லை; நான் கழித்துவிட்டேன், வங்கி கழிக்கவில்லை, அங்கே அதிகம், கூட்டு. செலுத்திய காசோலை 3,000 இன்னும் வசூலாகவில்லை, கழி. வங்கிக் கட்டணம் 150 எனக்குத் தெரியாமல் பிடித்திருக்கிறார்கள், கழி. பாஸ்புக்கில் 19,550. உங்கள் விடை 11,150 என்றால் வித்தியாசம் 8,400, அதன் பாதி 4,200. எந்தக் குறி தப்பு என்று சொல்லவே வேண்டாம்.

மேல்வரைப் பற்று என்றால் பயப்பட வேண்டாம். தொடக்க எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டுவிட்டு மேலே சொன்னதையே செய்யுங்கள். விடை கழித்தல் குறியோடு வந்தால் அதுவும் மேல்வரைப் பற்று.

திருத்திய ரொக்க ஏடு கேட்டால், வங்கிக் கட்டணம் போல நான் எழுத வேண்டியதை மட்டும் எழுத வேண்டும். காசோலை தாமதத்தை அங்கே எழுதினால் அது இன்னொரு பிழை.

"தேய்மானத்துல லைப்ரரி புத்தகம் ஒரு விடை, மிஸ் போட்டது ஒரு விடை"

இந்த அறிகுறியோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, புத்தகம் எந்த வருஷப் பதிப்பு என்று. முறை மாற்றம் பற்றிய கணக்கு என்றால் தப்பு உங்கள் மேல் இல்லாமலும் இருக்கலாம்.

இயந்திரம் 1,00,000. குறைந்து செல் இருப்பு முறையில் 10%, இரண்டு வருடம். 10,000, பிறகு 9,000, மீதி 81,000. மூன்றாம் ஆண்டில் நேர்கோட்டு முறைக்கு மாறுகிறார்கள். மொத்த ஆயுள் 10 வருடம், கடைசி மதிப்பு 1,000. பழைய கணக்கியல் தரநிலை (ஏ.எஸ்.) 6 இருந்தபோது, முதல் நாளிலிருந்தே நேர்கோட்டு முறை இருந்திருந்தால் என்று பின்னோக்கிப் போட வேண்டும். வருடத்துக்கு 9,900, இரண்டு வருடத்துக்கு 19,800, போட்டது 19,000, குறைந்த 800ஐ இந்த ஆண்டின் இலாபத்தில் கழித்துவிட்டு இனி 9,900. 2016இல் தரநிலை 6ஐ எடுத்துவிட்டு, திருத்திய தரநிலை 10இல் இதை மதிப்பீட்டு மாற்றம் ஆக்கிவிட்டார்கள். இப்போது பின்னால் போவதே கிடையாது. மீதி 81,000இல் 1,000 கழிய 80,000, மீதி 8 வருடம், ஆண்டுக்கு 10,000.

இரண்டுக்கும் விடை வெவ்வேறு. நூலகத்தில் பழைய பதிப்புகள்தான் அதிகம் என்பதால் பிள்ளைகள் பழைய முறையைச் சுத்தமாகச் செய்துவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

இன்னொரு கலப்படம், வருமான வரி விகிதங்களைப் புத்தகக் கணக்கில் போடுவது. ஆடிட்டர் ஆபீசில் பகுதி நேரம் போகிற பிள்ளைகளுக்கு இது வரும். வரிக் கணக்கில் கணினிக்கு 40%. நிறுமச் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணையில் விகிதமே இல்லை, ஆயுள்தான்: கணினிக்கு 3 வருடம், மேசை நாற்காலிக்கு 10, காருக்கு 8, கடைசி மதிப்பு சாதாரணமாக அடக்கவிலையில் 5%க்கு மேல் போகக்கூடாது. கேள்வி எந்த வீட்டைச் சேர்ந்தது என்று பார்த்து எழுதுங்கள்.

வாங்கிய தேதியையும் பாருங்கள். அக்டோபர் 1இல் வாங்கி மார்ச் 31இல் கணக்கை முடித்தால் ஆறு மாதம்தான்.

"சரக்கிருப்பு மதிப்பு புத்தகத்தைவிட அதிகமா வருது"

அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது. இது எல்லாருக்கும் தெரியும். மொத்தத்துக்குப் பார்ப்பதா, ஒவ்வொரு உருப்படிக்கும் பார்ப்பதா என்பதில்தான் வழுக்கும்.

டைல்ஸ் பட்டறையில் மூன்று டிசைன். முதலாவது அடக்கம் 40,000, விற்றால் 52,000. இரண்டாவது யாரும் கேட்காத நிறம், அடக்கம் 25,000, விற்றால் 18,000தான். மூன்றாவது 10,000, விற்றால் 11,000. மொத்தமாகப் பார்த்தால் அடக்கம் 75,000, விற்பனை மதிப்பு 81,000. குறைவானது 75,000 என்று எழுதுவீர்கள். உருப்படி உருப்படியாகப் பார்த்தால் 40,000, 18,000, 10,000, மொத்தம் 68,000. தரநிலை 2 சாதாரணமாகக் கேட்பது இதைத்தான். விற்காத டைல்ஸின் நட்டத்தை விற்கிற டைல்ஸின் வராத இலாபத்தால் மூடி மறைக்கக் கூடாது.

முதலில் வந்தது முதலில் போகும் முறையா, எடையிட்ட சராசரியா என்பது ஒரே மாதிரிச் சரக்குக்குத்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மாத் தேக்கில் செதுக்கிய ஒரு நிலைக்கதவும் அதற்குப் பக்கத்தில் உள்ள பெல்ஜியம் கண்ணாடியும் சராசரி போடக்கூடியவையா? அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் சொந்த அடக்கவிலை. கடைசியில் வந்தது முதலில் போகும் முறையை நம் தரநிலை ஏற்பதில்லை. கேள்வியில் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

"ரொக்க ஓட்ட அறிக்கைல குறி மாறிப்போகுது"

கடனாளிகள் கூடினால் இலாபத்திலிருந்து கழி. விற்றிருக்கிறோம், இலாபத்தில் சேர்த்துவிட்டோம், காசு இன்னும் வரவில்லை. கடனீந்தோர் (நமக்குக் கடனில் கொடுத்தவர்கள்) கூடினால் கூட்டு. அவர்கள் காசு நம் கையில் இருக்கிறது. தேய்மானத்தைக் கூட்டுவது தேய்மானம் காசு தருகிறது என்பதால் இல்லை, காசு போகாமலே இலாபத்திலிருந்து கழித்துவிட்டோம் என்பதால். சொத்தை விற்ற இலாபத்தை இயக்க நடவடிக்கையில் கழித்துவிட்டு, விற்ற முழுத் தொகையையும் முதலீட்டு நடவடிக்கையில் காட்டுங்கள். இலாபத்தை மட்டும் காட்டினால் கடைசி ரொக்க இருப்பு வராது.

"கூட்டாண்மையில இலாபப் பங்கு தப்பா வருது"

முதலில் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆச்சிகள் சேர்ந்து மணகோலம், சீப்புச் சீடை செய்து விற்கிறார்கள் என்று வைப்போம். ஒருவர் முதல் 2,00,000. மற்றவர் முதல் 50,000, கூடவே கடனாக 1,00,000 கொடுத்திருக்கிறார். ஒப்பந்தம் எதுவும் இல்லை. வட்டிக்கு முந்தைய இலாபம் 96,000. பிள்ளைகள் முதலின் விகிதத்தில் 4:1 என்று பிரித்துவிடுவார்கள், முதல் மீது வட்டியும் போட்டுவிடுவார்கள்.

வாயளவிலும் எதுவும் பேசவில்லை என்றால் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் பேசும்: இலாபம் சரிபாதி, முதல் மீது வட்டி கிடையாது, சம்பளம் கிடையாது, கடனுக்கு மட்டும் 6%. வட்டி 6,000 போக 90,000, ஆளுக்கு 45,000. முதல் ஆச்சிக்குக் கோபம் வரத்தான் செய்யும். பத்திரம் எழுதியிருக்க வேண்டும்.

"கிளைக் கணக்குல விடை வரல, எங்க தப்புன்னும் தெரியல"

இரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றி, ஊரிலிருந்தே கணக்குப் பார்த்த பூமி இது. ஆனாலும் கிளைக் கணக்கு என்றால் நம் பிள்ளைகளுக்கு ஆகாது. அந்தக் கடைகளின் தொழில் கொடுக்கல் வாங்கல். பாடத்தில் வருவதோ சரக்கு அனுப்புகிற கிளை, அதுவும் இடாப்பு (இன்வாய்ஸ்) விலையில். கிளை மேலாளருக்கு முதலாளியின் இலாபம் தெரியக்கூடாது என்று விலையை ஏற்றி அனுப்புவார்கள். அந்த ஏற்றத்தைத் தலைமை அலுவலகம் தன் புத்தகத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். இங்கேதான் அடி விழும்.

"அடக்கத்தின் மேல் 25%" என்றால் 100 ரூபாய்ச் சரக்கு 125க்குப் போகிறது. இடாப்பு விலையில் ஏற்றம் 125க்கு 25, ஐந்தில் ஒரு பங்கு. "இடாப்பு விலையில் 25%" என்றால் நாலில் ஒரு பங்கு. கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்று அடிக்கோடு போட்ட பிறகே பேனாவை எடுங்கள். கிளையின் தொடக்கச் சரக்கு, அனுப்பிய சரக்கு, இறுதிச் சரக்கு மூன்றிலும் இதே பின்னம்தான். ஒன்றில் மட்டும் மறந்தால் வித்தியாசம் அந்தச் சரக்கின் ஏற்றத் தொகையாகவே வரும்.

போன வருஷம் பள்ளத்தூரிலிருந்து வரும் ஒரு பையன் இந்தக் கணக்கோடு மூன்று நாள் போராடினான். அடக்கத்தின் மேல் 25%, இறுதிச் சரக்கு இடாப்பு விலையில் 60,000. அவன் ஏற்றம் 12,000 என்று போட்டிருந்தான். கைடில் 15,000. தன் விடையை நாலு தடவை அடித்து எழுதியிருந்தான், நோட்டில் தாளே கிழிந்திருந்தது.

"நீ எப்படிப் போட்ட, சொல்லு தம்பி."

"125க்கு 25 சார். ஆனா புக்குல வேற வருது."

"புக்க எழுதினவரு 60,000ல நேரா 25% எடுத்துட்டாரு. நீ போட்டதுதான் சரி."

நம்பவில்லை. 12,000ஐக் கழித்து, மீதி 48,000இன் மேல் 25% ஏற்றச் சொன்னேன். 60,000 வந்தது. 15,000ஐக் கழித்து, மீதி 45,000இன் மேல் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். 56,250 வந்தது. பிறகு பென்சிலை வாங்கி, கைடில் இருந்த 15,000ஐ அவனே அடித்தான்.